கடலுக்கு 108 வராது: வாசகர் கேள்வி – பதில்

கப்பலிலும் விசைப்படகிலும் வேலை பார்க்கும் வாசகர்களும் அவர்கள் வீட்டாரும் முதலுதவி பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். சர்வதேசக் கடல்வழியில் மூன்று நாளுக்கு மேல் ஓடும் கப்பலில் 100 பேருக்குக் குறையாமல் இருந்தால்தான் டாக்டர் கட்டாயம். இருபது, இருபத்தைந்து பேர் ஓட்டும் சரக்குக் கப்பலில் மருந்து அலமாரிச் சாவி பெரும்பாலும் செகண்ட் ஆபீசரிடம் இருக்கும். விசைப்படகில் அதுவும் கிடையாது. முதல் ஒரு மணி நேரம் பக்கத்தில் நிற்பவர் கையில்தான்.

கேள்வி: நிலக்கரி ஏற்றும் கப்பலில் கேடட்டாக (பயிற்சி அதிகாரியாக) இருக்கிறேன். ஹோல்டுக்குள் (சரக்கு அறைக்குள்) இறங்கியவர் மயங்கி விழுந்தால், மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஒரே நிமிடத்தில் தூக்கி வந்துவிட முடியாதா? மேலே நின்று வேடிக்கை பார்ப்பது எப்படி?
– கேடட், தூத்துக்குடி

முடியாது. தயவுசெய்து முயற்சி செய்யவே செய்யாதீர்கள். மூடிய அறை விபத்துகளில் முதலில் விழுந்தவரோடு, அவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து இறப்பது திரும்பத் திரும்ப நடக்கிறது. தைரியம் குறைந்து அவர்கள் சாகவில்லை. அங்கே உடம்பு என்ன செய்யும் என்று தெரியாமல்தான் சாகிறார்கள்.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். நிலக்கரி அதைத் தானே உறிஞ்சிக்கொண்டு கார்பன் மோனாக்சைடை வெளியே விடும். மரத்தடி, மரத்தூள் உருண்டை, இரும்புக் கழிவு, பிண்ணாக்கு, துருப்பிடிக்கும் பாலாஸ்ட் டேங்க் (கப்பலை நிலைப்படுத்தும் தண்ணீர்த் தொட்டி), நங்கூரச் சங்கிலி அறை எல்லாமே ஆக்சிஜனைத் தின்னும். ஹோல்டை ஒட்டிய ஏணி அறையில்கூடக் காற்று கெட்டிருக்கும்.

மூச்சை அடக்கும்போது நுரையீரலில் கொஞ்சம் ஆக்சிஜன் மிச்சம் இருக்கும். அதனால் ஒரு நிமிடம் தாக்குப்பிடிக்கிறோம். ஆனால் ஆளைத் தூக்கும் பாரத்தில் ஒரே ஒரு மூச்சு உள்ளே போய்விட்டால், ஆக்சிஜன் இல்லாத அந்தக் காற்று இருந்த மிச்சத்தையும் கழுவிக்கொண்டு போய்விடும். இரத்தத்தில் இருப்பதே நுரையீரலுக்குத் திரும்பி வெளியேறும். ஆக்சிஜன் 6 சதவீதத்துக்குக் கீழே போன இடத்தில் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பும். மூச்சுத் திணறலும் தெரியாது. ஏனென்றால் திணறலை உண்டாக்குவது கரியமில வாயு சேர்வது. அதுதான் வழக்கம்போல வெளியே போய்க்கொண்டிருக்கிறதே. எச்சரிக்கை எதுவும் இல்லாமல் முழங்கால் மடங்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வாசலை விட்டு நகராமல் வாக்கி டாக்கியில் பிரிட்ஜுக்கு (கப்பலை ஓட்டும் அறைக்கு) சொல்லுங்கள்: எந்த இடம், எத்தனை பேர், கடைசியாக எப்போது அசைந்தார். அலாரம் அடிக்கட்டும். ஊதுவிசிறியோ காற்றுக் குழாயோ இருந்தால் அவர் முகம் இருக்கும் பக்கம் நல்ல காற்றை அனுப்பலாம். அழுத்தக் காற்று சிலிண்டரைத் தோளில் மாட்டும் சுவாசக் கருவியோடும், உயிர்க்கயிறோடும் மீட்புக் குழு மட்டுமே இறங்க வேண்டும். அந்தக் கருவி சுமார் 30 நிமிடம் தாங்கும். இ.இ.பி.டி. என்ற சிறிய பை 10 நிமிடம் தப்பி வெளியே ஓடுவதற்கு. அதை மாட்டிக்கொண்டு உள்ளே போகக் கூடாது. வடிகட்டி முகமூடியும் உதவாது. இல்லாத ஆக்சிஜனை எதிலிருந்து வடிகட்டும்?

வெளியே கொண்டுவந்ததும் மூச்சு இருக்கிறதா என்று பத்து விநாடி பாருங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆக்சிஜன் மாஸ்க் போடுங்கள். இல்லையென்றால் நெஞ்சை 30 தடவை அழுத்தி, 2 தடவை ஊதுங்கள். அழுத்தம் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. இவருக்கு ஆக்சிஜன் இல்லாமல்தான் இதயம் நின்றது. ஆகவே ஊதுவதை விட்டுவிட்டு நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதாது.

கப்பலில் உள்ள கையடக்க ஆக்சிஜன் பெட்டியில் 2 லிட்டர் சிலிண்டர் 200 பார் அழுத்தத்தில் இருக்கும். அதாவது திறந்தால் 400 லிட்டர் வாயு வரும். நிமிடத்துக்கு 10 லிட்டர் விட்டால் 40 நிமிடத்தில் தீரும். மாற்று சிலிண்டர் எங்கே, கப்பல் மருத்துவ அறையில் உள்ள 40 லிட்டர் பெரிய சிலிண்டரின் ஸ்பேனர் எங்கே என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். அந்த வால்வில் எண்ணெய், கிரீஸ் கை படக் கூடாது, தீப்பிடிக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூடிய அறை மீட்பு ஒத்திகை 2015 ஜனவரி முதல் கட்டாயம். கையெழுத்துப் போடுவதோடு அதை முடிக்க விடாதீர்கள். ஒரு பொம்மையையாவது உண்மையிலேயே தூக்கிப் பாருங்கள். அந்தக் குறுகிய வழியில் ஸ்ட்ரெச்சர் திரும்புமா என்பது அப்போதுதான் தெரியும்.

விசைப்படகுக்காரர்களுக்கும் இது பொருந்தும். மீன் அறையின் அடியில் ஐஸ் உருகிய தண்ணீரும் மீன் கழிவும் தேங்கினால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே நின்றுவிடும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குகிற நேரம்தான் ஆபத்து. பலகையை முழுக்கத் திறந்து காற்றாட விட்டு, மேலே ஒருவர் நிற்க, இறங்குகிறவர் இடுப்பில் கயிறு கட்டி இறங்க வேண்டும்.

கேள்வி: டீசல் இன்ஜெக்டரை (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் கருவியை) சோதிக்கும்போது என் ஆள்காட்டி விரலில் ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி விழுந்தது. இரத்தம்கூட வரவில்லை, வலியும் இல்லை. பிளாஸ்டர் ஒட்டினால் போதும் என்கிறார்கள். சரிதானா?
– மோட்டார்மேன், ராமநாதபுரம்

சரியில்லை. இந்த இதழில் வந்த கேள்விகளில் எங்களைப் பதற வைத்தது இதுதான். இனி ஒருமுறை நடந்தால் அந்த நிமிடமே சொல்லுங்கள்.

கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். இன்ஜெக்டர் திறக்கும் அழுத்தம் 300 பார் அளவில். தோலைத் துளைக்க 7 பாரே போதும். ஆக, அந்தப் புள்ளி வழியாக டீசல் விரலுக்குள் நுழைந்து, தசைநாணை ஒட்டிய உறை வழியே உள்ளங்கை வரை ஓடியிருக்கலாம். முதலில் மரத்துப்போகும், வலி இருக்காது. சில மணி நேரத்தில் விரல் வாழைப்பழம்போல வீங்கி, வெளிறி, தாங்க முடியாத வலி தொடங்கும். உள்ளே திசு இறந்துகொண்டிருக்கும். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சையில் திறந்து கழுவினால் விரல் மிஞ்ச நல்ல வாய்ப்பு. தாமதித்தால் வெட்டி எடுக்க வேண்டி வரலாம். ஹைட்ராலிக் எண்ணெயும் இப்படித்தான். பெயின்ட் கன்னும் தின்னரும் இதைவிட மோசம்.

மோதிரம், வாட்ச் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி அசையாமல் கட்டுங்கள். பிதுக்க வேண்டாம், கீற வேண்டாம், ஐஸ் வேண்டாம், வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். விரலில் மரப்பு ஊசி போடக் கூடாது. வீக்கம் இன்னும் கூடும். கேப்டன் ரேடியோ டாக்டரிடம் (கரையிலிருந்து ரேடியோவில் ஆலோசனை சொல்லும் டாக்டரிடம்) பேசும்போது “விரலில் சின்னக் காயம்” என்று சொன்னால் அவரும் சின்ன மருந்துதான் சொல்வார். “உயர் அழுத்தத்தில் டீசல் உள்ளே பாய்ந்திருக்கிறது, 300 பார், மணி இத்தனை” என்று சொல்ல வேண்டும். அந்தத் திரவத்தின் பாதுகாப்புத் தாளையும் ஆஸ்பத்திரிக்குக் கூடவே அனுப்புங்கள். கேள்வி எழுதி நாளாகிவிட்டதால், விரலில் மரப்போ விறைப்போ வீக்கமோ இருந்தால் கரை சேர்ந்ததும் கை அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். குழாயில் கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். அது நனைந்து காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: வின்ச்சில் (கயிறு இழுக்கும் இயந்திரத்தில்) ரோப்பு சுற்றும்போது கூட வந்தவருக்கு இரண்டு விரல் துண்டாகிவிட்டது. துண்டை ஐஸ் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தோம். கெட்டுவிட்டது, ஒட்ட முடியாது என்றார் டாக்டர். எங்கே தப்பு செய்தோம்?
– விசைப்படகுத் தொழிலாளி, காசிமேடு

குளிரில் வைத்தது சரி. ஐஸ் நேராகப் பட்டதுதான் தப்பு. ஐஸ் பட்ட இடத்தில் திசு உறைந்து வெடித்துவிடும். வெடித்ததை ஒட்ட முடியாது.

விரல் துண்டை நல்ல தண்ணீரில் லேசாக அலசி, சுத்தமான ஈரத் துணியில் (பிழிந்து) சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் பாதிப் பாதி கலந்த பாத்திரத்தில் வையுங்கள். ஸ்பிரிட், டெட்டால், கடல் தண்ணீர் எதிலும் ஊறப் போடக் கூடாது. இப்படிக் குளிர்ந்திருந்தால் விரலுக்குச் சுமார் 24 மணி நேரம் வரை வாய்ப்பு உண்டு. சும்மா வைத்தால் 12. கை முழுசாகப் போனால் இந்தக் கணக்கு பாதியாகும், ஏனென்றால் சதை அதிகம். பையின் மேல் பெயரும் மணியும் எழுதுங்கள்.

துண்டைத் தேடுவதற்கு முன்னால் ஆளைப் பாருங்கள். மடித்த துணியைக் காயத்தில் வைத்து, கையை உயர்த்தி, பத்து நிமிடம் கடிகாரம் பார்த்து அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவே தூக்கிப் பார்த்தால், உறைய ஆரம்பித்த இரத்தம் பிய்ந்து மறுபடி முதலிலிருந்து. காப்பித்தூள், மஞ்சள்தூள், புகையிலை போடாதீர்கள். ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டி எடுப்பதற்கே அரை மணி நேரம் போகும். விரல் காயத்துக்கு இந்த அழுத்தமே போதும். விரலின் அடியில் ரப்பர் பேண்டு போட்டு மறந்துபோனால், இருக்கிற விரலும் சாகும்.

தொடை, மேல்கை கிழிந்து பீறிட்டு வந்து, அழுத்தியும் நிற்காவிட்டால் மட்டும் இறுக்குக்கட்டு. நைலான் கயிறு சதையை அறுக்கும். நாலு, ஐந்து சென்டிமீட்டர் அகலத் துணிப்பட்டை, காயத்துக்கு மேலே ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் தள்ளி, மூட்டின் மேல் வராமல், ஒரு குச்சியைக் கோத்து முறுக்கி, இரத்தம் நிற்கும் வரை. கட்டிய மணியை நெற்றியிலேயே எழுதுங்கள். ரேடியோவில் டாக்டர் சொல்லாமல் தளர்த்தாதீர்கள்.

கேள்வி: கடலில் விழுந்து தண்ணீர் குடித்தவரைத் தலைகீழாகப் பிடித்து, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எங்கள் வழக்கம். டிரெய்னிங்கில் கூடாது என்றார்கள். பின்னே தண்ணீர் எப்படி வெளியே வரும்?
– நாகப்பட்டினம்

வயிற்றை அமுக்கினால் வருவது வயிற்றுத் தண்ணீர். அவர் உயிரை எடுப்பது நுரையீரல் பிரச்சினை. அமுக்கியதும் சோறும் தண்ணீருமாக மேலே வந்து மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். பிழைக்க இருந்தவரும் அதில் போவார். நுரையீரலுக்குள் போனது பெரும்பாலும் கொஞ்சம்தான். அதை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். அவருக்கு வேண்டியது காற்று.

மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைச் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்து முதலில் ஐந்து முறை ஊதுங்கள். நெஞ்சு எழும்ப வேண்டும். அப்புறம் முன்னே சொன்ன 30-க்கு 2. வாயில் நுரை வந்துகொண்டே இருக்கும். துடைத்துக்கொண்டே நேரத்தைத் தொலைக்காமல் நுரையோடேயே ஊதுங்கள். வாந்தி வந்தால் மட்டும் பக்கமாகத் திருப்பி வழித்து எடுங்கள். நெடுநேரம் தண்ணீரில் கிடந்தவரைப் படகில் ஏற்றும்போது கூடுமானவரை படுத்த வாக்கிலேயே தூக்குங்கள். நிமிர்த்தித் தூக்கினால் இரத்தம் காலுக்கு இறங்கி அங்கேயே மயங்கலாம். எழுந்து உட்கார்ந்து டீ கேட்டாலும், அவரைக் கரைக்குக் கொண்டுபோக வேண்டும். சில மணி நேரம் கழித்து இருமலும் மூச்சிரைப்பும் தொடங்குவது உண்டு.

கேள்வி: திருக்கை முள், கெளுத்தி முள் குத்தினால் என்ன செய்வது? கடல்பாம்பு கடித்தால்?
– தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்

திருக்கை, கெளுத்தி முள் விஷம் சூட்டில் சிதையும். குத்திய கையையோ காலையோ தாங்கும் அளவு வெந்நீரில், சுமார் 45 டிகிரி, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வையுங்கள். வலி குறைவது கண்ணுக்கு முன்னால் தெரியும். சூட்டை அடிபடாத கையால் பாருங்கள். குத்திய இடம் மரத்திருப்பதால் வெந்துபோவது தெரியாது. சமையல் அடுப்பு இருக்கும் படகில் இது எப்போதும் முடியும். ஒடிந்த முள் மேலாக இருந்தால் எடுத்துவிடலாம். நெஞ்சு, கழுத்து, வயிற்றில் குத்தி நின்றால் தொடவே வேண்டாம். சுற்றித் துணி அடைத்து, முள் அசையாமல் கட்டிக் கரைக்கு ஓட்டுங்கள். டெட்டனஸ் ஊசி போட வேண்டும்.

கடல்பாம்பின் வால் துடுப்புபோலத் தட்டையாக இருக்கும். வலக்கடியன் முதலானவை வலையோடு வந்து, மீன் பிரிக்கும் கையைக் கடிக்கின்றன. கடி வலிக்காது, வீங்காது, அதனால்தான் விட்டுவிடுகிறார்கள். அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் சதை வலி, இமை தொங்கல், விழுங்கச் சிரமம், சிறுநீர் கறுப்பு என்று வரும். கடித்தது தெரிந்தவுடன் ஆளைப் படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள். விரல் நுனியிலிருந்து மேலே வரை சுளுக்குக்குச் சுற்றுவதுபோல அகலத் துணியைச் சுற்றி, பலகை வைத்துக் கட்டுங்கள். கீறுவது, உறிஞ்சுவது, கயிறு கட்டுவது வேண்டாம். நம் ஆஸ்பத்திரிகளில் உள்ள பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன் போன்ற நான்கு தரைப் பாம்புகளுக்கானது; கடல்பாம்புக்கானது அல்ல. மூச்சுக் கருவியும் சிறுநீரகச் சிகிச்சையும் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் நேராகப் போக வேண்டும்.

கேள்வி: கேலியில் (கப்பல் சமையலறையில்) சமைக்கும்போது சூடான எண்ணெய் முன்கையில் கொட்டியது. டூத் பேஸ்ட் போட்டேன்.
– கப்பல் சமையல்காரர், கடலூர்

பேஸ்ட் சூட்டை உள்ளேயே பூட்டி வைக்கும். 20 நிமிடம் ஓடும் தண்ணீர். நல்ல தண்ணீர் இல்லாவிட்டால் சுத்தமான கடல் தண்ணீர். ஐஸ் வேண்டாம். பிறகு உங்கள் கேலியிலேயே இருக்கும், உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் (கிளிங் ஃபிலிம்) சுருளில் முதல் சுற்றைக் கிழித்துப் போட்டுவிட்டு, அடுத்ததைக் காயத்தின் மேல் நீளவாக்கில் பரப்புங்கள். இறுக்கிச் சுற்றக் கூடாது. கொப்புளத்தை உடைக்காதீர்கள். வெந்தவருடைய உள்ளங்கையும் விரலும் சேர்ந்த அளவு உடம்பில் ஒரு சதவீதம். பத்து உள்ளங்கைக்கு மேல் போனாலோ, முகம், கை, மர்ம இடம் வெந்தாலோ உடனே ரேடியோ டாக்டர்.

கேள்வி: மகன் முதல் தடவையாகக் கப்பலுக்குப் போகிறான். கடல் மயக்கத்துக்கு என்ன கொடுத்து அனுப்பலாம்?
– ஓர் அம்மா, காரைக்கால்

வாந்தி வந்த பின் மாத்திரை தங்காது, அம்மா. கப்பல் ஆடத் தொடங்கும் முன்பே, டாக்டர் எழுதித் தந்த மாத்திரையைப் போட வேண்டும். அது தூக்கம் வரவைக்கும் என்று வாட்ச் அதிகாரியிடம் (அந்த நேரப் பணிக்குப் பொறுப்பானவரிடம்) சொல்லச் சொல்லுங்கள். வெறும் வயிறு ஆகாது. பிஸ்கட், இஞ்சி மிட்டாய் கொடுத்து விடுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கானதா, 200 மில்லிக்கானதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு, மூன்று நாளில் பெரும்பாலும் பழகிவிடும்.

கேள்வி: ரேடியோவில் டாக்டரிடம் பேசும்போது என்ன சொல்ல வேண்டும்? எங்கே கூப்பிடுவது?
– செகண்ட் ஆபீசர், சென்னை

விஎச்எஃப் ரேடியோவின் 16-ஆம் சேனலில் “பான்-பான்” என்ற அவசர அழைப்பை மூன்று முறை சொல்லுங்கள். உடனே உயிருக்கு ஆபத்து என்றால் “மேடே”. இந்தியக் கடலில் மும்பை, சென்னை, போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) கடல் மீட்பு மையங்கள் இருக்கின்றன. கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554. சிக்னல் கிடைக்கும் விசைப்படகும் கூப்பிடலாம். இன்மார்சாட் என்ற செயற்கைக்கோள் தொடர்புக் கருவியில் 32 மருத்துவ ஆலோசனைக்கு, 38 மருத்துவ உதவிக்கு. ரோமில் 1935-இல் தொடங்கிய சி.ஐ.ஆர்.எம். மையம் எந்த நாட்டுக் கப்பலுக்கும் இலவசமாக ஆலோசனை தருகிறது.

கூப்பிடும் முன் பத்து நிமிடம் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து எழுதுங்கள். நாடித்துடிப்பும் மூச்சும் ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் ஒழுங்கில்லாத துடிப்பு தப்பிவிடும். காய்ச்சல், இரத்த அழுத்தம், கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, மருந்து ஒவ்வாமை, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை, கப்பல் நிற்கும் இடம், அடுத்த துறைமுகம் எத்தனை மணி நேரம். “வயிற்றுவலி” என்பது டாக்டருக்கு ஒன்றும் சொல்லாது. “வயது 34. நேற்று இரவு 10 மணிக்குத் தொப்புளைச் சுற்றி வலி, காலை 4 மணியிலிருந்து வலது அடிவயிற்றில். அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் துடிக்கிறார். இரண்டு தடவை வாந்தி. நாடி 104, காய்ச்சல் 38.2” என்றால் அவர் மனதில் குடல்வால் வந்துவிடும், சாப்பிடக் கொடுக்காதே என்று முதலிலேயே சொல்லிவிடுவார்.

நெஞ்சுவலியை வாயு என்று சோடா கொடுத்துத் தூங்க வைக்காதீர்கள். வியர்த்து, வலி தாடைக்கோ இடது கைக்கோ போனால், அரைப்பங்கு நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு அடி நடக்க விடாமல், ஆஸ்பிரின் ஒவ்வாமையோ இரத்தக் கசிவோ இல்லையென்றால் 300 மில்லிகிராம் மென்று விழுங்கச் சொல்லி, உடனே கூப்பிடுங்கள். இதற்கு மட்டும் அந்தப் பத்து நிமிடம் வேண்டாம்; ஒருவர் பேசும்போதே மற்றவர் எழுதட்டும்.

டாக்டர் மருந்து சொன்னதும் “சரி” என்று வைத்துவிடாதீர்கள். பெட்டியைத் திறந்து, அட்டையில் அச்சான பெயரையும் மில்லிகிராமையும் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டி, எத்தனை, எத்தனை மணிக்கொருமுறை என்று திரும்பச் சொல்லுங்கள். அவர் “ஆமாம்” என்ற பிறகு கொடுங்கள். கொடுத்த மணியையும் அடுத்துப் பேச வேண்டிய மணியையும் அந்தத் தாளிலேயே குறித்து வையுங்கள்.